செவ்வாயும் வெள்ளியும் வண்டி கிளம்ப வேண்டும்

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் டிக் டிக் என்கிறது, அதோடு சரி. இவர் முன்சீட்டில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே, "ஏட்டி, கிளச்ச மிதிச்சியா? மூதி, மிதிச்சியான்னு கேக்கேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். தெரு என்று எங்கே இருக்கிறது? மனை பிரித்துப் போட்ட கரிசல் காட்டில் மூன்றே வீடுகள். அதில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. சுற்றிலும் அறுத்து முடித்த மக்காச்சோளத் தட்டை.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கு இவர் மெஷினில் படுத்தாக வேண்டும். இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் ரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் உடம்பில் நீர் ஏறி நெஞ்சை அடைத்துவிடும். ஒரு தடவை தவறினால் சமாளிக்கலாம், அடுத்ததும் தவறினால் இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்.

ஆட்டோக்காரர்கள் வரமாட்டார்கள். போன வருடம் குழியில் இறக்கிவிட்டான் என்று ஒரு டிரைவரை இவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் நகர் பெயரைச் சொன்னாலே போனை வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் ஐம்பது வயதுக்கு மேல் நான் கார் ஓட்டப் பழகினேன். அதற்காகவும் திட்டு வாங்கினேன் என்பது வேறு கதை.

கடைசியில் கறிக்கோழி ஏற்றிப் போன வண்டியை நடுரோட்டில் நின்று மறித்தேன். இவர் டிரைவர் பக்கத்தில், நான் பின்னால் கூண்டுகளோடு. போய்ச் சேர வெகு தாமதம். மூச்சு வாங்கிக்கொண்டே மெஷினில் படுத்தவர், நர்ஸிடம், "எங்க வீட்டுக்காரி இல்லாட்டி நான் எப்பவோ போய்ச் சேந்துருப்பேன் பாப்பா" என்றார். வெளியாட்களிடம் எப்போதும் தேன்தான்.

ஜனவரி 10, புதன்

மெக்கானிக் சூசைராஜ் வந்தான். பானெட்டைத் தூக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"யக்கா, எலி. வயர் அம்புட்டையும் நறுக்கிப் போட்டுருக்கு. சோளம் அறுத்துட்டாங்கல்லா, காட்டுல திங்க ஒண்ணும் இல்ல. இஞ்சின் சூட்டுக்கு உள்ள ஏறி வந்து குடும்பம் நடத்துது."

அறுந்த வயர்களைச் சேர்த்து டேப் சுற்றிக் கொடுத்தான். பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிடச் சொன்னான். புகையிலைக் காம்பைக் கட்டி வைக்கச் சொன்னான். எலி ஒட்டுகிற அட்டை ஒன்று வாங்கி டயருக்குப் பக்கத்தில் போடச் சொன்னான். எல்லாம் செய்தேன். வண்டி இப்போது பெட்டிக்கடை போல மணக்கிறது.

இவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எலிய வெரட்டத் தெரியாதவ காரு ஓட்டுதாளாம்" என்றார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான். இவர் ஒருநாள் சாகத்தான் போகிறார், எல்லோரையும் போல. ஆனால் வண்டி கிளம்பாமல் சாகக் கூடாது. பொண்டாட்டிக்காரி கொண்டுபோகாமல் கொன்றுவிட்டாள் என்று இவர் தங்கச்சிகள் பந்தலில் உட்கார்ந்து மாரடிப்பார்கள். முப்பது வருடம் இந்த மனிதனோடு குப்பை கொட்டிவிட்டு, கடைசியில் அந்தப் பெயரை ஓர் எலி எனக்கு வாங்கித் தரக் கூடாது.

ஜனவரி 11, வியாழன்

அட்டையில் ஒன்று மாட்டியது. பல் தேய்க்கப் போனபோது கீச்சுக் கீச்சென்று சத்தம். முன்னங்கால் இரண்டும் பசையில் ஒட்டி, பிய்த்துக்கொள்ள இழுத்து இழுத்து மார்புத் தோல் உரிந்திருந்தது. கொல்லையில் தலை கழன்று கிடந்த மண்வெட்டிக் காம்பை எடுத்து வந்தேன். முதல் அடி வாலில் விழுந்தது. அடுத்தது இடுப்பில். அது செத்துப் போகாமல் என்னையே பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். திறந்தபோது அட்டை முழுக்க ரத்தம், காம்பில் மயிர்.

காலைச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. இவர் நன்றாகச் சாப்பிட்டார்.

ஜனவரி 12, வெள்ளி

வெள்ளிக்கிழமையானால் வண்டிக்குப் பூஜை. ஓட்டப் பழகிய நாளிலிருந்து ஒரு வாரமும் விட்டதில்லை. பானெட்டைத் திறந்து பேட்டரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, இலையில் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் படைத்து, சூடம் காட்டி, ஒரு கை அள்ளி இஞ்சின் மேல் தூவுவேன். எந்தச் சாமியும் செய்யாததை இந்த இஞ்சின்தானே செய்கிறது? என் தாலியே அதற்குள்தான் கிடக்கிறது.

முதல் திருகிலேயே கிளம்பியது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஜனவரி 13, சனி

எலியைவிடப் பெரிய பாடு தண்ணீர். நாள் முழுவதற்கும் அரை லிட்டர்தான், குழம்பும் மோரும் அதில் அடக்கம். ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி நான் வைத்துக்கொள்கிறேன். பிரிட்ஜுக்குப் பூட்டு. பகலெல்லாம் இவர் நாக்கை நீட்டி உதட்டை நக்கிக்கொண்டு என் பின்னாலேயே வருகிறார். "ஒரே ஒரு மடக்கு, ராஜகனி." தண்ணீர் வேண்டுமென்றால்தான் என் பெயர் வாயில் வரும். மற்ற நேரம் ஏட்டி, மூதி, நாயி.

கொடுக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

சாயங்காலம் புகையிலை மாற்றும்போது பானெட்டைத் தாங்கும் கம்பி நழுவி, மூடி என் கையில் விழுந்துவிட்டது. விரல்கள் வீங்கியிருக்கின்றன. எழுத முடியவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். சுகந்தி ஓசூரிலிருந்து போன் செய்தாள். மகளுக்கு எல்லாம் நேரடியாகத்தான் கேட்க வரும்.

"அப்பா சும்மா இருக்காகளா?"

"எலியத் தவிர எல்லாரும் சும்மாதான் இருக்காக."

"ம்மா, விளையாடாத. கை வைக்காகளா?"

"சீக்காளி மனுசன் என்னத்தக் கை வைக்கப் போறாரு. பொங்கல் பொங்கிட்டு, வையி போன."

கரும்பு, பால், வாழைப்பழம் எதுவும் இவர் தொடக் கூடாது. சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி கொடுத்தேன்.

அட்டைக்கு இப்போது எலிகள் வருவதில்லை. அதனால் கூண்டு வாங்கி வைத்திருந்தேன். தேங்காய்ச் சில்லுக்கு ஆசைப்பட்டு இன்று ஒன்று வந்தது. பெரிய வாளியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, கூண்டோடு முக்கினேன். உள்ளே நீந்திச் சுற்றியது. மூக்கைக் கம்பிக்கு மேலே நீட்டப் பார்த்தது. கூண்டை இன்னும் அழுத்தினேன். குமிழிகள் வந்தன, அப்புறம் வரவில்லை. இவர் ஜன்னலில் நின்று வாளியைப் பார்த்தார். எலியைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார்.

ஜனவரி 16, செவ்வாய்

கிளம்பியது. போனோம், வந்தோம்.

ஜனவரி 18, வியாழன்

இன்று பட்டப்பகலில் ஒன்று முன்டயர் மேல் ஏறியது. ஒரே அடி. தலை தட்டையாகிவிட்டது. முதல் நாள் போலக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. சந்தோஷமாக இருந்தது. எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. அடித்தால் ஒன்று சாகிறது, அவ்வளவு சுலபமாக இருக்கிறது இந்த வேலை. வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுக்குள் வீசிவிட்டு வந்து, மண்வெட்டிக் காம்பைக் கழுவி வாசல்படியில் சாத்தி வைத்தேன். இவர் தின்பண்டம் கேட்கிற பிள்ளை போல உதட்டை நக்கிக்கொண்டு நின்றார். சாத்தி வைத்த காம்பைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்காமலே உள்ளே போனார்.

ஜனவரி 19, வெள்ளி

பூஜை செய்தேன். இரண்டு கை பொரி கூடுதலாகவே தூவினேன், எலித் தொல்லை ஒழியட்டும் என்று.

திரும்பி வரும் வழியில் வண்டி இருமி இருமி வந்தது. உள்ளே ஏதோ தீய்கிற வாடை. வீட்டு வாசலுக்கு வந்ததும் தானாகவே அணைந்துவிட்டது.

ஜனவரி 20, சனி

சூசைராஜ் காற்று வடிகட்டியின் பெட்டியைக் கழற்றினான். உள்ளே கூடு. என் பழைய சேலைக் கிழிசல், சீட்டுப் பஞ்சு, கடித்துத் துப்பிய வயர்த் துண்டு, எல்லாவற்றுக்கும் நடுவே பொரி. குவியல் குவியலாகப் பொரி, பொட்டுக்கடலை, வெல்லத் துணுக்கு. அதன் மேல் கண் திறக்காத குட்டிகள், சுண்டுவிரல் கணக்கில், ரோஜா நிறத்தில்.

"யக்கா, இது ஆரு போட்ட பொரி?"

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, பேட்டரியில் குங்குமம் இருந்தது.

"வெளிய பாச்சை உருண்டை, உள்ள படையல். ஓடாதேன்னு நீங்களே சோறு போட்டு வளத்துருக்கீக" என்று சிரித்தான். சிரித்த பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நெஞ்சு எரிந்தது. இவர் ஆயுசுக்காக வாரம் தவறாமல் நான் வேண்டிக்கொண்டது, இவரைக் கொல்ல வந்ததுகளுக்குத் தீனியாகப் போயிருக்கிறது. கூட்டை அப்படியே அள்ளித் தரையில் போட்டு, செங்கல்லை எடுத்தேன். சூசைராஜ், "விடுங்கக்கா, நான் தூரமாக் கொண்டுபோய் விடுதேன்" என்றான். நான் கேட்கவில்லை. அவன் ரோட்டுப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். தாய் எலி இஞ்சினுக்கு அடியில் எங்கேயோ இருந்து பார்த்திருக்கும். பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஜன்னலிலிருந்து இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சூசைராஜ் போகும் வரை சிரித்த முகமாகவே இருந்தார்.

ஜனவரி 21, ஞாயிறு

பானெட் மறுபடியும் விழுந்துவிட்டது. முதுகில்.

ஜனவரி 22, திங்கள்

சூசைராஜ் புது வயர் போட்டு, அடியில் கம்பி வலை அடித்துக் கொடுக்க வந்தான். ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்க என்னால் குனிய முடியவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"பானெட் விழுந்துட்டு தம்பி."

என் ரவிக்கைக்கு மேலே கழுத்தடியில் பெல்ட்டுத் தடம் தெரிந்ததோ என்னவோ. கொஞ்ச நேரம் வலையை வெட்டிக்கொண்டே இருந்தான்.

"நானும் சின்ன வயசுலேருந்து பானெட்டுக்குக் கீழதான்க்கா கெடக்கேன். எனக்கு ஒருநாளும் முதுகுல விழுந்தது இல்ல."

"வந்த வேலயப் பாரு" என்றேன். எனக்கு அவன் மேல்தான் கோபம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

கிளம்பும்போது சொன்னான். "பூஜையெல்லாம் வெளிய நின்னு சூடத்தோட நிறுத்திக்கோங்க. பொழுது சாய்ஞ்சதும் பானெட்டத் தெறந்து வச்சு, உள்ள ஒரு பல்பப் போட்டு விடுங்க. இருட்டும் சூடும் இருந்தாத்தான் அதுக்கு வீடு. தெறந்து வெளிச்சம் போட்டுட்டா குடியிருக்காது."

திறந்து வெளிச்சம் போடுவது. செய்யலாம்.

ஜனவரி 23, செவ்வாய்

கிளம்பியது. உட்கார்ந்து ஓட்ட முதுகு ஒத்துழைக்கவில்லை, சீட்டில் சாயாமலே ஓட்டினேன். கியர் கரகரவென்றது. "செத்த மூதி" என்றார்.

இவர் இடது கையை மடியில் தலையணை போட்டு அதன் மேல் வைத்துக்கொண்டே வருவார். அந்தக் கையில்தான் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள், ஊசி ஏற்றுவதற்காக. தொட்டால் உள்ளே மாவு மில் ஓடுவது போல அதிரும். அதில் கனம் தூக்கக் கூடாது, அடிபடக் கூடாது. அது கெட்டால் மெஷினில் ரத்தம் போக வழியில்லை. பிறந்த பிள்ளையைப் போல அதைப் பார்த்துக்கொள்கிறார். வலது கைக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

ஜனவரி 25, வியாழன்

பொழுது சாய்ந்ததும் பானெட்டைத் திறக்கப் போனேன். காதில் அடி விழுந்ததில் இன்னும் ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தது. பானெட் காதில் விழாது என்று எனக்கும் தெரியும்.

மூடியே கிடக்கட்டுமே என்று தோன்றியது. பல்பைப் போடாமல், ஒரு கை பொரி உள்ளே எறிந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டால் போதும். நாளைக்கு வண்டி கிளம்பாது. செவ்வாய்க்கும் கிளம்பாது. நான் கையைப் பிசைந்துகொண்டு ரோட்டில் நின்று எல்லா வண்டியையும் மறிக்கலாம், மெதுவாக மறிக்கலாம். செய்தது எலி. எலியை யார் கேட்பார்கள்?

வெகு நேரம் அங்கேயே நின்றேன். உள்ளேயிருந்து, "என்னட்டி செய்த அங்கன?" என்று சத்தம் வந்தது.

திறந்து, கம்பியை முட்டுக் கொடுத்து, பல்பைப் போட்டேன்.

ஜனவரி 26, வெள்ளி

கிளம்பியது. சூடம் மட்டும் காட்டினேன்.

ஜனவரி 28, ஞாயிறு

தாய் எலி செத்தது. பல்பு வெளிச்சத்துக்குப் பயந்து வண்டியை விட்டு இறங்கி, தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் பதுங்கியிருந்தது. மூலையில் மாட்டிக்கொண்டதும் ஓடாமல் திரும்பி நின்று பல்லைக் காட்டியது. என் காலைப் பார்த்துப் பாய்ந்தது. அதன் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. அடித்துப் போட்ட பிறகு கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இத்தனூண்டு உடம்பு. சாகிற வரை கடிக்கத்தான் பார்த்தது.

ஜனவரி 30, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இவர் கட்டிலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவருக்கு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

காலையில் பல்பை அணைத்து, உள்ளே குனிந்து பார்த்தேன். எலிப் புழுக்கைகூட இல்லை. வயரெல்லாம் புதுசு போல இருந்தது. பானெட்டை மூடப் போகிற நேரத்தில் தொட்டிப் பக்கமிருந்து ஒரு பெருச்சாளி ஓடி வந்து டயருக்கு அடியில் நுழைந்தது. காம்பை எடுத்துக்கொண்டு அதைக் குத்தி விரட்டிக்கொண்டிருந்தேன். இவர் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டார். மெஷினுக்குப் போவதற்கு முன்னால் கூடாது, ஊசி ஏற்றிய பிறகு தருகிறேன் என்றேன்.

"தண்ணி கேட்டா எலியப் புடிச்சுக்கிட்டு நிக்க" என்றார். பின்னாலிருந்து என் கொண்டையைப் பிடித்து, முகத்தைப் பானெட்டின் விளிம்பில் மோதினார். பல் உதட்டில் இறங்கியது. இன்னொரு தடவை மோதினார்.

இதை எழுதிவிடுகிறேன். பானெட் விழவில்லை. ஒருநாளும் விழவில்லை. கையில் அடித்தது இவர், பெல்ட்டை எடுத்தது இவர், காதில் அறைந்தது இவர். முப்பது வருடத்தில் எந்தக் கதவும் எந்தப் படியும் எந்தப் பானெட்டும் என் மேல் விழுந்ததில்லை.

மூன்றாவது தடவை மோதுவதற்குள் நான் திரும்பிவிட்டேன். காம்பு கையில் இருந்தது. இவ்வளவு நாளும் அடித்து அடித்துப் பழகிய கை, என்னைக் கேட்காமலே மேலே போனது. அப்போது இவர் செய்ததைப் பார்த்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டிக் குறுகி, வலது கையை மட்டும் முன்னால் நீட்டினார். பயந்த மனிதனை இந்த வீட்டில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். எந்தக் கையைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

வலது கையில் போட்டேன். மணிக்கட்டுக்கு மேலே. சோளத்தட்டை ஒடிகிற சத்தம். "அம்மா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். கை தனியாகத் தொங்கியது. இன்னும் ஒரு அடி போட எனக்கு ஆசையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஓங்கவும் ஓங்கினேன். போடவில்லை. அந்த ஒன்று விழுந்திருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

"எந்திரிங்க. வண்டியில ஏறுங்க. எட்டு மணிக்கு மெஷின்" என்றேன்.

ஏறினார். வண்டி முதல் திருகிலேயே கிளம்பியது. வழியில் கியர் கரகரவென்றது. இவர் மடித் தலையணையில் இப்போது இரண்டு கையும் கிடந்தன. நான் உதட்டு ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.

நர்ஸ் பெண் ஓடி வந்தாள். "என்ன அண்ணாச்சி இது? எங்க விழுந்தீங்க?"

இவர் என்னைப் பார்த்தார்.

"விழலம்மா" என்றேன். "நான்தான் அடிச்சேன். மம்பட்டிக் காம்பால."

அவள் என் உதட்டைப் பார்த்தாள், முகத்து வீக்கத்தைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். டாக்டர் வந்து, போலீசில் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று இரண்டு பேரையும் கேட்டார். இவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். நான், "இவரு இன்னொரு தடவ கை வச்சா நானே வந்து எழுதித் தாரேன்" என்றேன். வார்டில் படுத்திருந்த எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும்.

வலது கைக்கு முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கையில் இரண்டு ஊசி, அசைக்கக் கூடாது. மெஷின் முடிய மத்தியானம் ஆகும்.

இப்போது சாப்பாட்டுத் தட்டு வந்தது. இரண்டு இட்லி, கொஞ்சம் சட்னி, அளந்த தண்ணீர். தட்டைப் பார்த்தார், ஒரு கையைப் பார்த்தார், மறு கையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். டைரியை மூடாமல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய் ஒரு விள்ளல் பிட்டு வாயருகில் கொண்டுபோனேன். என் கை பக்கத்தில் வந்ததும் கண்ணை மூடித் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அடிக்க வருகிறேன் என்று நினைத்திருக்கிறார். முப்பது வருடமாக நான் செய்த அதே காரியம்.

"வாயத் தெறங்க" என்றேன்.

திறந்தார். ஊட்டிவிட்டு வந்து இந்த வரியை எழுதுகிறேன். அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.